கண்டக்டர் ஞானசிங்கின் சினிமாச் சாட்சி

புதுக்கடையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஓடும் மோட்டார் பஸ்ஸின் கண்டக்டர் ஞானசிங்குக்குக் குடிப்பழக்கம் இல்லை, பொடிப்பழக்கம் இல்லை, வெற்றிலைகூடக் கல்யாண வீட்டில் கொடுத்தால்தான் போடுவான். அவனுக்கு இருந்த ஒரே பழக்கம் சினிமா. கள்ளுக்குடியனை மன்னித்துவிடுகிற அவனுடைய வேதக்கோவில் சபை, சினிமாக்காரனை மட்டும் மன்னிப்பதாக இல்லை. கள் நம்மூர்ப் பனையிலிருந்து இறங்குவது. சினிமா எங்கிருந்து இறங்குகிறது என்று யார் கண்டார்கள்?

பஸ் ராத்திரி நாகர்கோவிலில்தான் தங்கும். டிரைவர் பகவதியப்பன் சாப்பிட்டுவிட்டு ஸீட்டிலேயே நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவார். ஞானசிங் மைதானத்துச் சினிமாக் கூடாரத்துக்கு நடையைக் கட்டுவான். திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் பிரம்போடு நின்று கதை சொன்ன ஊமைப்படக் காலத்திலும் போனான். படமே வாய் திறந்து பேச ஆரம்பித்த பிறகும் போனான். மறுநாள் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு டிக்கெட்டோடு கதையும் கிடைக்கும். கேட்க விருப்பமில்லாதவர்களுக்கும் கிடைக்கும்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி லீலாபாய். இரணியல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெண்களுக்கான முன் ஸீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் இரணியலில் இறங்க வேண்டியவள், கதை முடிகிறவரை உட்கார்ந்துவிட்டு, பார்வதிபுரத்தில் போய் இறங்கினாள். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்குப் பாடம் நடக்கவில்லை. ஞானசிங்குக்கும் அதற்கப்புறம் யாருக்கு டிக்கெட் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை.

லீலாபாயின் அப்பா எலிசா, சபை மூப்பர். கருப்பட்டி வியாபாரி, அந்த இனிப்பில் ஒரு துளியைக்கூட அவர் பேச்சில் கலந்ததில்லை. மகள் தன் அம்மா சத்தியபாயிடம் கண்டக்டரைக் கட்டிக்கொள்ளும் ஆசையைச் சொல்ல, அம்மா அவரிடம் சொல்ல, அவர் ஞானசிங்கைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன்னப் பத்திக் கேட்டேன். நல்ல பையன்னுதான் எல்லாரும் சொல்லுகா. ஆனா அந்தக் கூடாரத்துக்குப் போறவனுக்கு எம் பிள்ளையத் தர முடியாது. வெள்ளிக்கிழம ஜெபக்கூட்டத்துல எழும்பி நின்னு சாட்சி சொல்லு. சினிமாவ விட்டாச்சுன்னு சபை கேக்கணும். ஞாயித்துக்கிழம கோவில்ல உங்க ரெண்டு பேரு கல்யாண விளம்பரம் வாசிச்சிரலாம்."

"சொல்லுகேன் மூப்பரே," என்றான் ஞானசிங். லீலாபாய்க்காக அவன் அப்போது எதையும் விடத் தயார். அரிசிச் சோற்றை விடச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பான்.

அந்தச் சபையில் சாட்சி என்றால் லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு கெட்ட பழக்கத்தை விட்டவர் எல்லார் முன்னாலும் எழும்பி, தான் விழுந்து கிடந்த குழி எது, எத்தனை ஆழம், அங்கே எப்படிக் கிடந்தேன் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். குழியின் ஆழம் தெரிந்தால்தானே தூக்கிவிட்டவரின் பெருமை தெரியும் என்பது போதகரின் கட்சி. சும்மா 'விட்டுவிட்டேன்' என்று உட்கார்ந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போன வருஷம் ஜெபதாஸ் கள்ளை விட்டதற்குச் சாட்சி சொன்னபோது, எந்தப் பனை, எந்தக் கலயம், நுரை எப்படிப் பொங்கும் என்றெல்லாம் சொன்னதில், ஆண்கள் பக்கம் பலபேருக்குத் தொண்டை வறண்டுபோனது.

"ரெண்டே ரெண்டு வார்த்த சொல்லிட்டு இருந்திரு மக்கா," என்று பகவதியப்பன் எச்சரித்தார். அவர் அம்மன் கோவிலுக்குப் போகிறவர். இருந்தாலும் இந்தச் சபையின் பழக்கம் அவருக்குத் தெரியும். அதைவிட நன்றாக ஞானசிங்கைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேதக்கோவிலில் இடமில்லை. இடதுபக்கம் பாயில் பெண்கள், வலதுபக்கம் ஆண்கள், முன்னால் மூப்பர். சினிமாச் சாட்சி என்று கேள்விப்பட்டு, கூட்டத்துக்கு ஒருநாளும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். அன்றைக்கு லீவு போட்டிருந்த ஞானசிங் எழும்பி நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"நான் மொதமொதல்ல குழியில விழுந்தது ஒரு குதிரப் படத்துலயாக்கும்," என்று ஆரம்பித்தான்.

அது ஊமைப்படம். அதில் ஒரு வெள்ளைக்காரி குதிரைமேல் வருகிறாள். கதை சொல்கிற ஆள் அவளுக்குத் தங்கம்மா என்று பேர் வைத்துவிட்டார். அவளைக் காப்பாற்ற வருகிற துரைக்குக் கோலப்பன். தங்கம்மாவின் குதிரை மிரண்டு ரயில் பாலத்தில் ஏறிவிட்டது. எதிரே ரயில் வருகிறது. கீழே ஆறு. கோலப்பனைக் காணோம்.

"படத்துல ஒரு சத்தமும் கெடையாது. ஆனா எனக்கு அந்தக் குளம்புச் சத்தம் கேட்டுது. நெஞ்சுக்குள்ள கேட்டுது."

பெண்கள் பக்கம் யாரோ "அய்யோ" என்றார்கள். போதகர் இருமினார்.

"தங்கம்மா பிழைச்சிட்டா," என்று ஞானசிங் அவசரமாகச் சொன்னான். "ஆனா நான் அழுதேன். எங்க அப்பா செத்தப்ப நான் அழல்ல. ஆம்பிளப்பிள்ள அழப்பிடாதுன்னு எல்லாருமாச் சொன்னா. கூடாரத்துக்குள்ள இருட்டு. அழப்பிடாதுன்னு சொல்ல அங்க ஆளில்ல. அப்பாவுக்கு அழாததையும் சேத்து அன்னைக்கு அழுதேன்."

குழியின் ஆழம் எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது என்றே தோன்றியது. அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சில் சூடு பிடித்துவிட்டவன் எங்கே நிறுத்துவான்?

இரண்டாவது குழி ஒரு புராணப் பேசும்படம். அதில் ராஜா கோபம் வந்தால் பாடுவார், பசித்தால் பாடுவார், சண்டையில் வாளை ஓங்கிக்கொண்டு பாடுவார். தேவலோகத்தில் புகையால் மேகம் போட்டிருந்தார்கள். அந்த மேகத்துக்குப் பின்னால் ஒரு கம்பியில் நம்மூர்க் காக்கா உட்கார்ந்திருந்தது.

"கடைசியில ராஜாவுக்கு அம்பு பட்டுது. சாகக் கெடந்த மனுசன் எழும்பி இருந்து முழுசா ஒரு பாட்டு பாடிட்டுப் பெறவுதான் செத்தாரு. இன்னொருக்கா பாடணும்னு கூடாரமே கைதட்டிச்சு. அவரு என்ன செய்வாரு, செத்தாச்சு."

கோவில் குலுங்கிச் சிரித்தது. ஜெபதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போதகர் சிரிப்பை மறைக்க வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"எனக்கு ஒரு பக்கம் தோவாள பூ யாவாரி, மறுபக்கம் கொட்டாரத்து நெல்லு யாவாரி. வெளிய வச்சுக் கண்டா, நீ எந்த ஆளு, என்ன சாதின்னு கேட்டுட்டுத்தான் பேச்சே வரும். உள்ள ஒருத்தரும் கேக்கல்ல. ஒரே மணல்ல இருந்து சிரிச்சோம். அதனால அந்தக் காக்காயையும் எனக்கு மறக்க முடியாது."

இப்போது ஆண்கள் பக்கம் சில தலைகள் மெல்ல ஆடின. ஞானசிங் மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாத்துலயும் ஆழமான குழி ஒண்ணு உண்டு. அது போன வருசம் விழுந்தது."

ஒரு தகப்பன், ஒரு மகன். சின்னக் காரியத்துக்காகச் சண்டை. கோபத்தில் தகப்பன் மகனை வீட்டை விட்டு இறங்கச் சொல்லிவிடுகிறான். மகன் இறங்கிப் போனவன் போனவன்தான். வருஷம் ஓடுகிறது. தகப்பனுக்குத் தாடி நரைத்து, கண்பார்வை மங்கி, கம்பு ஊன்றி மகனைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். ஒரு ஆற்றங்கரைக்கு வருகிறான். மழைக்காலம். படகில் ஏறுகிறான். துடுப்பு போடுகிறவன் அவன் மகன். தகப்பனுக்குக் கண் தெரியவில்லை. மகன் குனிந்து துடுப்பு போடுகிறான், இன்னும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. படகு நடு ஆற்றுக்கு வருகிறது.

சொல்லிக்கொண்டே வந்த ஞானசிங்கின் கண் தற்செயலாக எலிசா மூப்பர்மேல் விழுந்தது. மூப்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்துண்டின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அப்போதுதான் அவனுக்குச் சுரீரென்று உறைத்தது. மூப்பரின் மூத்த மகன் செல்வதாஸ், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனவன். வருஷக் கணக்காயிற்று. அந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை.

ஞானசிங் படகை நடு ஆற்றிலேயே நிறுத்திவிட்டான்.

"நேரமாயிட்டு தம்பி," என்றார் போதகர். "சினிமாவ விட்டாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லி முடி."

ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லத்தான் அவன் வந்தான். லீலாபாய் பாயின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள். வாயைத் திறந்தான். குதிரையும் காக்காவும் படகும் சேர்ந்து வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டன.

"விட்டாச்சுன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றான். "வரமாட்டேங்குது. மன்னிக்கணும்."

மூப்பர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போனார். கல்யாணமும் அவர் பின்னாலேயே வெளியே போய்விட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்கால பஸ்ஸில் நிற்க இடமில்லை. சபையில் பாதிப்பேருக்கு நாகர்கோவிலில் திடீரென்று அவசர வேலை வந்திருந்தது. ஜெபதாஸுக்கு ஒரு அத்தை வீடே முளைத்திருந்தது. யாரும் ஞானசிங்கின் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கியதும் எல்லாரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை லீலாபாய் ஏறினாள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒரு வார்த்த. அதச் சொல்லியிருக்கலாம் இல்லியா?"

"சொல்லியிருந்தா பொய்யா இருந்திருக்கும்."

"பொய் சொல்லத் தெரியாத கண்டக்டர இப்பத்தான் காணுகேன்," என்றாள். குரலில் கோபம் இருந்தது; ஆனால் உதட்டோரம் வேறு மாதிரி இருந்தது. அவனுக்கு அந்த ஓரம் போதவில்லை. அழவேண்டும் போலிருந்தது, பட்டப்பகலில், பஸ் நிறைய ஆட்களுக்கு நடுவில்.

அந்த வாரக் கடைசியில் புதுக்கடையில் எலிசா மூப்பர் பஸ்ஸில் ஏறினார். கருப்பட்டிச் சிப்பம் ஒன்றும் இல்லை, கையில் குடை மட்டும். "நாகர்கோவில்," என்றார். ஞானசிங் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளாத குறையாக நின்றான். நாகர்கோவிலில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

"இஞ்ச வா," என்றார்.

போய் நின்றான்.

"அந்தப் படகுக்காரன்… தகப்பன அறிஞ்சானா?"

ஞானசிங்குக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. அறிந்தான், கட்டிப்பிடித்து அழுதான், வீட்டுக்குக் கூட்டிப் போனான். மூன்றே வார்த்தை. மூப்பரின் முகம் மலர்ந்துவிடும், லீலாபாய் அவனுக்குத்தான். எத்தனையோ படத்தின் முடிவைப் பார்த்தவனுக்கு ஒரு நல்ல முடிவைக் கட்டுவதா பெரிய காரியம்? ஆனால் அவர் கேட்டது படத்தை இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு அறியாது மூப்பரே."

"முழுசும் பாத்தவன்தானே நீ?"

"இல்ல. படகு நடு ஆத்துக்கு வந்த நேரம் காத்தும் மழையும் புடிச்சு, கூடாரம் எங்க தலையில சாஞ்சிட்டு. மறுநாள் படப்பெட்டியத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிட்டா. பாத்த படமெல்லாம் அங்கங்க முடிஞ்சு போச்சு மூப்பரே. இது ஒண்ணுதான் எனக்குள்ள இன்னும் ஓடிட்டிருக்கு. அதனாலதான் எல்லாத்துலயும் இது எனக்குப் பெருசு."

மூப்பர் நிமிர்ந்து பார்த்தார்.

"அறிஞ்சான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே."

"நம்புவீங்கன்னு தெரியும். அதான் சொல்லல்ல."

பகவதியப்பன் ஸ்டியரிங்கைத் துடைக்கிறவர்போல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் படம் திரும்ப வருமா?"

"அடுத்த மாசம் வருதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கா."

"நான் மூப்பன். செத்தாலும் அந்தக் கூடாரத்துல கால் வைக்க முடியாது. வீட்டுல ஒருத்தன் போயிப் பாத்துட்டு வந்து சொன்னாத்தான் உண்டு."

"வீட்டுல வேற ஆருமில்லியே," என்றான் ஞானசிங், உண்மையான கவலையோடு.

"ஏலே மக்கா," என்றார் பகவதியப்பன் முன்னாலிருந்து, "உன்னத்தாண்டே சொல்லுகாரு."

மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"சாட்சியெல்லாம் சபை கேட்டாச்சு. இனி அத ஆரு கேக்கப்போறா, அவனவன் சனிக்கிழம இஞ்சதான் கெடந்தானுவ. ஞாயித்துக்கிழம விளம்பரம் வாசிக்கச் சொல்லுகேன். கல்யாணம் கழிஞ்சு லீலாவையும் கூட்டிட்டுப் போயி, முழுசும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

"மழ வந்தா?"

"நனஞ்சுட்டுப் பாரு."

அவர் படியில் இறங்கிக் குடையை விரித்தார். ஞானசிங் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கல்யாணம் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மூப்பரே, மகன் அறியாமலே போயிட்டான்னா? அதையும் வந்து சொல்லவா?"

மூப்பர் நின்றார். அவர் முகம் ஒருமாதிரி இளகியிருந்தது. கருப்பட்டி வியாபாரி முகத்தில் அப்படி ஒரு இளக்கத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"சொல்லு. எப்பிடி இருந்தாலும் சொல்லு," என்றார். "ஆனா அதுவரைக்கும் என்னால இருக்க முடியாது பாத்துக்கோ. கொழும்புக்குக் காயிதம் போடணும். தபாலாபீசு எந்தப் பக்கம்?"