இரண்டு பின்வாசல்களுக்கு நடுவே

பிளம்பர் பின்வாசலில் நின்று புதரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கழற்றி வைத்த பையை மறுபடியும் தோளில் மாட்டிக்கொண்டான்.

“கசிவு இதுக்குள்ளதான்க்கா எங்கயோ இருக்கு. ஆனா நான் உள்ள போனா, என்னைத் தேட இன்னொரு ஆளை அனுப்ப வேண்டியிருக்கும். முதல்ல இதை வெட்டி எடுங்க. ஒரு போன் போடுங்க, ஓடி வரேன்.”

“எதுவரைக்கும் வெட்டணும்?”

“ஈரம் கண்ணுல படற வரைக்கும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. வாளியை வைத்துவிட்டு வீட்டைப் பெருக்கி முடித்து வந்தால்கூடப் பாதிதான் நிரம்பியிருக்கும். இனியும் தள்ளிப்போட முடியாது என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெரியவள் என்பதுதான் வீட்டில் அவளுக்கு வழங்கிய பெயர். தங்கை சின்னவள். அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படியே நிலைத்துவிட்டது. வேலை பார்த்த அச்சகத்தில் அவள் ‘கட்டிங் அக்கா’. காகிதக் கட்டுகளை வெட்டும் மெஷினில் நின்றே அவள் வயது கழிந்திருந்தது. கல்யாணம் ஏனோ கூடிவரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லாமல் போயிற்று.

அப்பா வாங்கியது ஒரு நீள மனை. அதன் இரு முனைகளிலும் ஆளுக்கொன்றாக இரண்டு சிறிய வீடுகள் கட்டினார். பெரியவள் வீட்டு வாசல் இந்தத் தெருவில். சின்னவள் வீட்டு வாசல் அந்தப்பக்கத் தெருவில். பின்வாசல்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க, நடுவில் கிடந்த நிலம் இருவருக்கும் பொது. முன்னால் எத்தனை தெரு இருந்தாலும் பின்னால் ஒரே வீடு என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு அவர் இருந்தவரைக்கும்தான் செல்லுபடியானது. அவர் போன மறு வருஷம், ஒரு நாள் பெரியவள் வேலையிலிருந்து வந்து பின்வாசலைத் திறந்தால், நிலத்தின் நட்டநடுவே முள்வேலி நின்றது. சின்னவள் புருஷன் ஆள் வைத்துப் போட்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நாளைக்குச் சுவரும் எழுப்புவியா? நான் என்ன உன் வீட்டைத் தூக்கிட்டா போகப்போறேன்?” என்று இந்தப் பக்கமிருந்து கத்தினாள் பெரியவள்.

“உனக்கு யாரு இருக்கா? இவ்வளவு இடத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?” என்றாள் சின்னவள் அந்தப் பக்கமிருந்து.

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும் வந்துவிட்டது. பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது. வேலிப் பக்கம் போனால் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று இருவருமே போகவில்லை. ஆள் கால் படாத இடத்தில் முதலில் புல் வந்தது. பிறகு உண்ணிச்செடி, முள், அதன்மேல் ஏறிப் படர்ந்த கொடி. கொஞ்ச வருஷத்தில் வேலியே கண்ணுக்குத் தெரியாமல் போனது. சின்னவள் புருஷன் செத்தபோது பெரியவள் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். சின்னவள் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியவள் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வெளிச்சம்தான். பொழுது சாய்ந்ததும் புதருக்கு அப்பால், இலைகளின் சந்து வழியே, சின்னவள் வீட்டுச் சமையலறை விளக்கு எரிவது தெரியும். பெரியவள் அதற்காகவே அந்த நேரத்துக்குத் தன் சமையலறைக்கு வந்துவிடுவாள். “ம், வந்துட்டா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். காய்ச்சலாகக் கிடந்த நாளில்கூட எழுந்துவந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். அது எரிந்தால் போதும். பேசாவிட்டால் போகிறாள், பக்கத்தில்தானே இருக்கிறாள்.

மெஷின்களை வாடகைக்கு விடும் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் தயங்கினார்.

“வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா? இது புல்லு வெட்டுற விளையாட்டுச் சாமான் இல்ல. கட்டை விரல் தடிமனுக்குச் செடி இருந்தாலும் சாய்ச்சு முழுங்கிடும். கொஞ்சம் அசந்தா நம்மளையே இழுத்துக்கிட்டுப் போயிடும்.”

பெரியவள் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். “பிரஸ்ல கட்டிங் மெஷின்லயே காலம் தள்ளினவ நான். எண்ணிப் பாத்துக்குங்க, பத்தும் இருக்கு.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்புறம் மரியாதையாகவே சொல்லிக்கொடுத்தார். இரண்டு பெரிய சக்கரம், முன்னால் இரும்புத் தட்டு, தட்டுக்கடியில் கனத்த பிளேடு, பின்னால் பிடித்து நடக்கக் கைப்பிடி. கைப்பிடியோடு சேர்த்து லீவரை அழுத்தியிருந்தால்தான் பிளேடு சுற்றும், விட்டால் நின்றுவிடும். தட்டுக்கடியில் கை விடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, அது தப்பித்தவறிக் கிளம்பாமலிருக்க ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

“கல்லும் கம்பியும்தான்மா இதுக்கு எமன். பாத்து ஓட்டுங்க.”

கம்பி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். புதருக்குள் சரியாக எந்த இடம் என்பதுதான் மறந்துவிட்டிருந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கினாள். அச்சகத்துப் பழைய காக்கிச் சட்டையைப் புடவைமேல் மாட்டி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டாள். கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பில் எஞ்சின் இருமியது, அடுத்ததில் உறுமிக்கொண்டு எழுந்தது. லீவரை அழுத்தியதும் தட்டு நடுங்க, மெஷின் தானாகவே முன்னே போயிற்று. முன்பக்க இரும்புக் கம்பி செடிகளை நெஞ்சால் தள்ளிச் சாய்த்தது. அடியில் போனவை படபடவென்று நொறுங்கிப் பின்னால் தூளாக விழுந்தன. கை இரண்டும் தோள்வரை அதிர்ந்தன. பச்சை வாசனை மூக்கில் ஏறியது.

ஒரே மூச்சாக உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று கொஞ்ச நேரத்திலேயே பிடிபட்டது. பாதியளவு அகலத்துக்குக் கடி, பின்வாங்கு, மறுபடி கடி. கொடி பின்னிக் கிடந்த இடத்தில் மெஷின் திணறினால் லீவரை விட்டுவிட்டு, கையால் இழுத்துப் போட்டுவிட்டுத் தொடர வேண்டும். முன்பு காகிதக் கட்டைத் தட்டிச் சமன்செய்து பிளேடுக்குக் கொடுத்த அதே பொறுமைதான். வேலை பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். எஞ்சினை நிறுத்தும்போதுதான் கஷ்டமாக இருந்தது. சத்தம் அடங்கியதும் எப்போதும் இருக்கும் அமைதி இன்னும் பெரிதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாக வெட்டியிருக்கிறாய் என்று சொல்லவும் ஆளில்லை, கோணலாக வெட்டியிருக்கிறாய் என்று சொல்லவும் ஆளில்லை.

மதியத்துக்கு மேல் சக்கரம் சொதசொதவென்று சேற்றில் இறங்கியது. கறுத்த ஈரம், நடுவே குமிழியிடும் ஊற்று. கசிவு அகப்பட்டுவிட்டது. பிளம்பருக்குப் போன் செய்துவிட்டு அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மெஷினை நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள். புதரின் மறுபாதி அப்படியே நின்றது. அதற்கு அப்பால் சின்னவள் வீட்டுச் சுவரின் ஒரு துண்டு தெரிந்தது.

‘குழாய் ரிப்பேர், அதான் வெட்டினேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குமேல் சின்னவள் பேசினால் பேசட்டும்.

கயிற்றை இழுத்தாள்.

சற்றுத் தூரம் போவதற்குள் மெஷின் வீறிட்டது; கைப்பிடி உதறிக்கொண்டு மேலே எழும்பியது. லீவரை விட்டுவிட்டாள். எஞ்சினை அணைத்து, பிளக்கின் தொப்பியைக் கழற்றி, தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தட்டுக்கடியில் எட்டிப் பார்த்தாள். முள்கம்பி பிளேடின் கழுத்தை இறுக்கச் சுற்றியிருந்தது. கட்டிங் பிளேயரை எடுத்துவந்து துண்டு துண்டாக நறுக்கினாள். துருப்பிடித்த கம்பி சில இடங்களில் விரலாலேயே உதிர்ந்தது. கம்பங்கள் எங்கே என்று கையால் துழாவினால், எல்லாம் எப்போதோ மக்கி மண்ணோடு படுத்திருந்தன. வேலி என்று ஒன்று அங்கே பல வருஷமாகவே இல்லை. இரண்டு பேரும் இல்லாத வேலிக்குத்தான் விலகி நடந்திருக்கிறார்கள்.

கீறிய மணிக்கட்டைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு எழுந்தாள். மீதியை விரைவாக வெட்டினாள். சாயங்காலம் கடைசிச் செடி சாய்ந்ததும் எதிரே சின்னவள் வீட்டுப் பின்வாசல் பளிச்சென்று தெரிந்தது. சத்தம் கேட்டு யாரோ வெளியே வந்தார்கள். பெரியவள் அவசரமாக எஞ்சினை அணைத்து, தலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

வந்தது ஓர் இளம்பெண். வேலைக்குப் போய்வந்த உடையை மாற்றாமல் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

“ஓனரம்மா அனுப்பினாங்களா? எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே.”

“நான் அந்த வீடு” என்று பின்னால் கைகாட்டினாள் பெரியவள். “நீ யாரும்மா? மருமகளா?”

“நான் குடியிருக்கேங்க. ஓனரம்மா அவங்க பையன்கூடவே போயிட்டாங்க. நாங்க வந்தே ஒரு வருஷத்துக்கு மேல ஆகுதே.”

பெரியவளுக்கு அது உடனே ஏறவில்லை. சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

“சாயங்காலம் அங்க லைட் எரியுமே… அதைப் போடறது?”

“நான்தான். வந்ததும் முதல்ல அதைத்தான் போடுவேன். ஏங்க, உங்க கண்ணுக்குக் கூசுதா?”

“இல்லம்மா.” பெரியவள் மறுபடி அந்த ஜன்னலைப் பார்த்தாள். “கூசலை.”

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, பாட்டிலை நீட்டி, “குடிங்க. முகமெல்லாம் சிவந்துபோச்சு” என்றாள். பெரியவள் அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து குடித்தாள். ஒரு வருஷம். ஒவ்வொரு சாயங்காலமும் ‘வந்துட்டா’ என்று சொல்லியது யாரைப் பார்த்து? முகம் தெரியாத ஒருத்தி விளக்கைப் போட, இவள் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“அக்கா.”

பெண் திகைத்தாள். மறுபேச்சில்லாமல் செல்போனை எடுத்து எண்ணைத் தட்டினாள். “அம்மா, நான்தான். பின்னாடி புதரெல்லாம் வெட்டியாச்சு… இல்லம்மா, நாங்க வெட்டலை. இதோ, உங்க அக்கா இருக்காங்க” என்று போனைப் பெரியவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பக்கம் சின்னவள்தான். “அக்கா?”

“ம்.”

“வெட்டிட்டியா?”

“குழாய் ரிப்பேர்” என்றாள் பெரியவள். தயாராக வைத்திருந்தது அந்த ஒன்றுதான். சற்று விட்டு, “போறப்போ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?” என்றாள்.

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? உனக்கு யாரு இருக்கான்னு அன்னைக்குக் கேட்டுட்டு, இனி நானும் இல்லைன்னு சொல்ல வாய் வரல. அந்தப் புதரை வெட்டாதீங்கன்னு குடிவந்தவங்ககிட்ட நான்தான் சொன்னேன். அது இருக்கற வரைக்கும் நான் போனது உனக்குத் தெரியாதுல்ல.”

பெரியவளுக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டினால் வைத்துவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

“அங்க எப்படி இருக்க?”

“எனக்கென்ன, சௌக்கியம்தான். எட்டாவது மாடி. காலையில பையனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவாங்க. லிஃப்ட் சத்தம் கேட்டா யாரோ வராங்கன்னு எழுந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்கு வந்தவங்களா இருக்கும்.”

“வந்துட்டுப் போயேன்.”

“முட்டி மடக்க முடியலக்கா. பாக்கலாம்.”

சிறுவயதிலிருந்தே சின்னவள் ‘பாக்கலாம்’ என்றால் அது வராது என்று அர்த்தம். பெரியவளுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது சின்னவளுக்கும் தெரியும்.

“சரி, பாக்கலாம்” என்றாள் பெரியவள்.

மறுநாள் போன் செய்ததும் பிளம்பர் சொன்னபடியே ஓடிவந்தான். மண்ணைத் தோண்டி, விரிந்துபோன இணைப்பை மாற்றிவிட்டு, “இவ்வளவையும் நீங்களாக்கா வெட்டினீங்க? எங்ககூட வேலைக்கு வந்துடுங்க” என்றான். அவள் சிரித்து அனுப்பிவைத்தாள்.

சில நாள் கழித்து, அந்தப் பெண்ணிடம் வாங்கிவைத்த எண்ணுக்கு அவளே போன் செய்தாள். மகன் வீட்டில் வேலைக்காரி வரவில்லை என்றாள் சின்னவள். இங்கே வெயில் என்றாள் பெரியவள். அதற்குமேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நடந்த எதையாவது சொல்லத் தொடங்கினால், அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டியிருந்தது.

“அப்படியே விட்டுடாத. வேரை எடுக்கலன்னா அடுத்த மழைக்கே திரும்ப முளைச்சுடும்” என்றாள் சின்னவள் கடைசியாக.

“எனக்குத் தெரியாதா?”

“என் பக்கம் கொஞ்சம்…”

“பாத்துக்கறேன். வை.”

வேர் எடுக்க அந்த மெஷினால் ஆகாது. அதற்குக் கடப்பாரைதான் வேண்டும். பெரியவள் வீட்டிலிருந்ததை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். சின்னவள் பாதியில் போய் நின்று, முதல் வேரின் பக்கத்தில் கடப்பாரையை இறக்கினாள். உண்ணிச்செடியின் வேர் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பின்வாசல் பூட்டியிருந்தது; பெண் வேலைக்குப் போயிருந்தாள். பெரியவள் கடப்பாரையில் உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தினாள். வேர் மண்ணோடு பெயர்ந்து வந்தது. அதை ஓரமாக எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.