பதினொன்றாம் அட்டை

“ஊருல உள்ள பிள்ளையெல்லாம் கிரிக்கெட் படத்துக்கு அடிபிடி கூடுது. நீ மட்டும் இந்த வாலிபால் பெண்ணுங்கள வச்சு என்ன செய்யப் போற மக்கா?” என்று ஆரியசாலை மொத்தக்கடை நயினார் ஒருநாள் சுமியிடம் கேட்டார்.

சுமிக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா அந்தக் கடையில் சுமை இறக்கினார். அவள் கையிலிருந்த அட்டையைப் பாவாடையில் செருகிக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

பப்பிள்கம் பாக்கெட்டுக்குள் விளையாட்டுக்காரர்களின் அட்டை வந்த காலம் அது. பெண்கள் வாலிபால் வரிசை வந்தபோது பிள்ளைகள் பப்பிள்கம்மை வாயில் போட்டுக்கொண்டு அட்டையை ஓடையில் விட்டார்கள். விற்காமல் தேங்கிய பெட்டிகளைப் பிரித்து, நயினார் அந்த அட்டைகளை மூட்டைகளில் செருகும் விலைச்சீட்டாக்கிவிட்டார். படம் உள்பக்கம், முதுகில் பென்சிலால் விலை. சுமி அதே அளவுக்கு சோப்புப் பெட்டியை வெட்டி, விலையைப் பார்த்தெழுதிச் செருகிவிட்டு, வாலிபால் அட்டையை உருவிக்கொள்வாள். வற்றல் மூட்டை, மல்லி மூட்டை, புளிச் சிப்பம் என்று ஒரு வருஷம் அலைந்ததில் அந்த வரிசையின் இருபத்துநான்கு அட்டைகளும் சேர்ந்தன.

பதினொன்றாம் அட்டையில் இருந்தது அவளுடைய சித்தி ராகேல். வலைக்கு மேலே எழும்பி, கை ஓங்கிய படம். கீழே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த பெயரோ செல்லபாய். பன்னிரண்டாம் அட்டையில் செல்லபாயின் முகம், ராகேலின் பெயர். அச்சகத்தில் மாறிப்போயிருந்தது. சித்தி அட்டையை ஒருமுறை பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான். மறுநாள் சுமி சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு பெயரையும் அடித்துவிட்டு, சரியான பெயர்களைத் தமிழில் எழுதினாள்.

ஒன்பதாம் வகுப்போடு சுமியின் படிப்பு நின்றுபோயிற்று. அட்டைகள் மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில், மூன்று வாடகை வீடுகள் மாறி அவளோடு வந்தன.

இப்போது அதே வரிசையை ஆட்கள் போனில் படம் போட்டுத் தேடுகிறார்கள். முழுதாக யாரிடமும் இல்லை. பழைய அட்டைகளுக்குக் கண்காட்சி நடத்தும் வலியசாலை ராமசுப்ரமணியன், சுமியிடம் முழு வரிசையும் இருப்பதைக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை மத்தியானம் குடையும் பையுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு நாளாவது ஒரு கூட்டம் நின்று அந்த இருபத்துநான்கு பேரையும் பார்க்க வேண்டும். சுமியின் ஆசை அது ஒன்றுதான்.

அவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். “ஆஹா, முதுகுல மல்லி வெல போட்டிருக்கே! கடைக்காரன் கையெழுத்து. இதுன்னா சரித்திரம்!”

பதினொன்று வந்ததும் முகம் சுருங்கியது. “ஐயையோ, இந்தக் கொரங்குச் சேட்டையை யாரு பண்ணினா?”

“நான்தான் சார்.”

“தப்பா அச்சானதாலதானேம்மா இந்த ரெண்டுக்கும் இத்தனை மவுசு! திருத்தினா பின்ன என்ன இருக்கு? போட்டும், எங்கிட்ட மருந்து இருக்கு. பஞ்சுல தொட்டு மெள்ளத் துடைச்சா மை போயிடும். ஹால் நடுவுல கண்ணாடிப் பெட்டியில வெக்கறேன், பாரு.”

டீ கொண்டுவந்த ராகேல் சித்தி வாசல்படியிலேயே நின்றாள். “அழிச்சிட்டுப் போட்டும் சுமி. இனி என்னைய யாரு அறியப் போறா? பந்தடிச்ச கை இப்ப ஓட்டல்ல அழுக்கு விரிப்பு அலக்குது.”

அவர் சின்னப் புட்டியைத் திறந்தார். நெடி மூக்கில் ஏறியது.

“சார், அத மூடுங்க.”

“பயப்படாதே. படத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“மல்லி வெல கெடக்கலாம், எங்க சித்தி பேரு கெடக்கப்படாதா?”

அவர் சிரித்தார். “சேகரிப்புன்னா அதுக்குன்னு ஒரு மொறை உண்டும்மா. சரி, இந்த ரெண்டும் வேண்டாம். மத்ததைத் தா.”

“இருபத்திநாலும் ஒண்ணாத்தான் வரும். செவப்பு மையோடதான் வரும். இல்லன்னா டப்பாவுலயே கெடக்கட்டு.”

வெளியாளிடம் சுமி இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவள் அட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எடி, நல்ல சான்ஸ் கேட்டியா. விட்டுக் களையாத,” என்றாள் சித்தி.

“நீங்க எழும்பி அடிச்சத, செல்லபாய் அடிச்சான்னு ஹால்ல எழுதி வைக்கணுமா சித்தி?”

சித்தி டீயை மேசையில் வைத்தாள். பதினொன்றாம் அட்டையை எடுத்துப் பார்த்து, படம் மேலே தெரிய வைத்தாள். பிறகு சுமியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ராமசுப்ரமணியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புட்டியை மூடினார். கையுறைகளை விரல் விரலாகக் கழற்றிப் பைக்குள் திணித்தார். டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டி, குடையை விரித்தார். வெயிலில் இறங்கிப் போனார்.