பேப்பரில் இல்லாத வலி

மணி அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ஏழாம் எண் தடுப்புக்குள், ரெக்சின் கட்டிலில் காலை மடக்கிப் படுத்துப் பார்த்தாள் கணீர். முழங்கால் வயிற்றை நோக்கி வர வேண்டும். வலது கை அடிவயிற்றின் வலப்பக்கம் இருக்க வேண்டும். பேசும்போது மூச்சு பாதியில் நிற்க வேண்டும். தலைமாட்டில் செருகியிருந்த பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. இரண்டு நாளாக வயிற்றுவலி, முதலில் தொப்புளைச் சுற்றி, பிறகு கீழே இறங்கிவிட்டது, நேற்று இரண்டு தடவை வாந்தி. பேப்பரில் இல்லாததை யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை. நிஜ நோயாளியை வைத்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள் என்று, நடிப்புப் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவழைத்திருந்தார்கள். மூன்று நாள். கூலி பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். படுத்துக் கிடப்பவர்களுக்குப் பயிற்சி நேரம் என்று ஒரு நோட்டில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து முழுசாக இல்லாதவர்களுக்கு வருஷக் கடைசி நாடகத்தில் மேடை கிடையாது.

பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம், ஆறாம் எண்ணில், தாத்தா இருமிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. சேர்ந்த முதல் வாரம் கிழவன் வேடம் போட்டான். அதற்கப்புறம் யாரும் அவனுக்கு வேறு வேடமே கொடுக்கவில்லை.

"கணீரு, என் இருமல் எப்படி? நெஞ்சுலேர்ந்து வருதா?"

"வராண்டாலேர்ந்து வருது. போடா."

"உன் குரலக் கேட்டாத்தான் எனக்கு நிஜமாவே நெஞ்சு அடைக்குது. தகரத்தத் தரையில இழுக்கற மாதிரி."

கணீர் தலைமாட்டுப் பேப்பரை எடுத்து இன்னொரு தடவை படித்தாள்.

கணீர் என்று பெயர் வந்தது முதல் வகுப்பில். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து 'ஆ' சொல்லச் சொன்னார் மாஸ்டர். இவள் மூச்சை இழுத்து ஆரம்பித்தாள். முப்பத்திரண்டு எண்ணும்வரை அந்த 'ஆ' நடுங்காமல் நின்றது. "கணீர்னு இருக்கு" என்றார் மாஸ்டர். அன்றோடு சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வீட்டில் அக்காகூட அப்படித்தான் கூப்பிட்டாள். தையல் ஆலையில் காலர் தைக்கும் அக்கா, தங்கை கடை வேலையை விட்டுவிட்டுப் படிக்கட்டும் என்று இரண்டு ஷிப்ட் பார்க்க ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

இப்போது 'ஆ' ஒன்பதைத் தாண்டுவதில்லை. நான்கு மாதமாக இப்படி. மாஸ்டரிடம் சொன்னாள்.

"தொண்டையில பேசற, அதான். அடிவயித்துலேர்ந்து எடு. இன்னும் கத்து. பழைய குரல் ஒடைஞ்சாத்தான் பெரிய குரல் வரும்."

விடியற்காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கத்தினாள். நாடகத்தில் அவளுக்குத்தான் அந்தப் பாத்திரம். ஆலை வாசலில் தனியாக நின்று, உள்ளே தீயில் மாட்டிக்கொண்ட புருஷனைப் பன்னிரண்டு நிமிடம் கூப்பிடுகிறவள். இயக்குநர்கள் நாலைந்து பேர் பார்க்க வருவார்கள் என்று பேச்சு. இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மணி அடித்தது.

முதல் ஆறு பேர் ஒரே அச்சில் வார்த்தவர்கள் மாதிரி வந்து போனார்கள். வயிற்றை அழுத்தினார்கள், அவள் "ஆவ்" என்றாள், குடல்வால் என்று சொன்னார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் பென்சிலால் டிக் அடித்தார். எட்டு நிமிடத்துக்கு ஒரு ஆள்.

ஏழாவதாக வந்தவள் கண்ணாடி போட்ட பெண். கை சில்லென்று இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

"உங்க குரல் எப்பவுமே இப்படித்தானா?"

பேப்பரில் இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

"கொஞ்சம் உக்காருங்க. எச்சில் முழுங்குங்க."

பின்னாலிருந்து இரண்டு கைகள் கழுத்துக்கு வந்தன. விரல்கள் மெதுவாக இறங்கின, ஏறின, இடப்பக்கம் ஒரு இடத்தில் நின்றன. அங்கேயே நின்றன.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"எது?"

அந்தப் பெண் கணீரின் விரலையே எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று இருந்தது. அவளுடைய கழுத்துதான். தினமும் சோப்புப் போடுகிற கழுத்து.

"என்னம்மா அங்க பண்ற?" என்றார் பெரிய டாக்டர். "நேரம் போவுது. வயித்தப் பாரு."

"சார், இடது பக்கம் கட்டி மாதிரி இருக்கு சார். குரலும் கரகரன்னு இருக்கு. உள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னு நெனைக்கிறேன்."

"பேப்பர்ல கழுத்து இருக்கா? கண்டுபிடிக்க வேண்டியது வயித்துல இருக்கு, நீ கழுத்துல தேடற." பென்சில் இரண்டு இடத்தில் குறுக்கே கோடு போட்டது. மணி அடித்தது. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வெளியே போனாள்.

பெரிய டாக்டர் கட்டிலருகே வந்தார். கோபமாக இல்லை. "நல்லா பண்றீங்கம்மா. அந்த மூச்சு நிக்கிறது பிரமாதம். ஆனா குரல ஏன் இப்படி மாத்துறீங்க? பசங்க கொழம்புறாங்க பாருங்க. சாதாரணமா பேசுங்க."

"மாத்தல சார். என் குரலே இதான்."

அவர் சிரித்தார். "சரி சரி. பரீட்சை முடியறவரைக்கும் விட்டுக் குடுக்க மாட்டீங்க போலருக்கு."

தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். கை கழுவும் இடத்தில் அந்தக் கண்ணாடிக்காரப் பெண் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கணீரைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? குரல மாத்தி ஏமாத்திட்டீங்க. எனக்கு மார்க் போச்சு."

"ஏமாத்தலம்மா." வார்த்தை பாதி காற்றாகத்தான் வந்தது. "நாலு மாசமா இப்படித்தான் இருக்கு. பேப்பர்ல இல்லாததச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அந்தப் பெண் குழாயை மூடினாள். கொஞ்ச நேரம் கழுத்தையே பார்த்தாள். "நிஜமாவா? அப்ப இன்னிக்கே காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க. நான் எழுதிக் குடுத்தா செல்லாது, நான் இன்னும் டாக்டர் ஆகல. அதோ, காது மூக்கு தொண்டைக்குப் பத்தாம் நம்பர் கவுண்டர். டோக்கன் பத்தரை வரைக்கும்தான் குடுப்பாங்க. இந்த டாக்டருங்க வாரத்துல ஒரு நாள்தான் வருவாங்க, அதுவும் காலையில மட்டும்."

வராண்டாவின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் வரிசை தெரிந்தது. கடிகாரத்தில் பத்தேகால். கணீர் மாஸ்டரைத் தேடி ஓடினாள். அவர் கையெழுத்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு அரைமணி நேரம். தொண்டையக் காட்டிட்டு வந்துடறேன். கட்டி இருக்காம்."

"யார் சொன்னா?"

"பரீட்சை எழுதற பொண்ணு."

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. "பாத்தியா, நோயாளியா படுத்துப் படுத்து நோயாளியாவே ஆயிட்ட. ஒருத்தி கழுத்தத் தொட்டா, உனக்கு அங்க வலிக்குது. இதத்தான் ஒரு வருஷமா கத்துக் குடுத்துட்டு இருக்கேன். நல்ல நடிகைக்கு இப்படித்தான் ஆகும்."

"இல்ல சார், தொட்டுப் பாருங்க."

"ஏழாம் நம்பர் காலியா கெடந்தா மீதிப் பேருக்குப் பரீட்சை நின்னுடும். அடுத்த வருஷம் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. போறதுன்னா போ, தடுக்கல. ஆனா கையெழுத்து கிடையாது. அந்தப் பாத்திரத்துக்கு ரெண்டு பேர் வசனத்த மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க, தெரியும்ல?"

தெரியும். ஒருத்தி தினமும் அவள் பக்கத்தில் நின்றுதான் கத்துகிறாள்.

இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. எல்லோரும் அவரவர் தடுப்புக்குள் போனார்கள். கணீர் கண்ணாடிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அந்தப்பக்கம் ஒரு ஆள் பத்தாம் கவுண்டரின் பலகையைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து கடைசி டோக்கன்களைக் கொடுத்துக்கொண்டிருந்தான். காலர் தைத்துத் தைத்து மரத்துப்போன அக்காவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. கைப்பிடியை விட்டாள்.

"எங்கடி போன? தேடறாங்க" என்றான் துணிக்கு அந்தப்பக்கமிருந்து தாத்தா. பிறகு, இன்னும் மெதுவாக, "என்னாச்சு?" என்றான். அவள் காலை மடக்கிப் படுத்தாள்.

எட்டாவது பையன் உள்ளே வந்தான். சட்டைப் பையில் மூன்று பேனா.

"சொல்லுங்கம்மா, எங்க வலிக்குது?"

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிருந்தது. பெரிய டாக்டரின் பென்சில் அந்தரத்தில் நின்றது. கணீர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அதை மெதுவாக இறக்கி, நெஞ்சு தாண்டி, வயிறு தாண்டி, அடிவயிற்றின் வலப்பக்கத்தில் வைத்தாள்.

"இங்க, டாக்டர். ரெண்டு நாளா."

பையன் அழுத்தினான். அவள் சரியான இடத்தில் மூச்சை நிறுத்தினாள்.

"வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?"

வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மறுபடி எடுத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

மூலையில் பென்சில் டிக் அடித்தது.