போர்வைக்குள் ராஜா

சம்ரீன் பிறந்து வளர்ந்த தென்னூர் வீட்டு ஹாலில், மூன்று சட்டங்களுக்குள் ஒரு ராஜாவின் ஆயுள் முழுக்கத் தொங்கியது. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ். முதல் படத்தில் பொன்னாடை போர்த்திய இளைஞர். இரண்டாவது, அவருடைய கஞ்சத்தனத்தை அந்த நாட்டுக்காரர்களே கிண்டலடித்த கேலிச்சித்திரம். ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு முட்டை தின்றுகொண்டிருப்பார். மூன்றாவதில் ராஜா இல்லை. புத்தி பேதலித்து, கண்ணும் காதும் போன பிறகு அவர் தடவித் தடவி வாசித்த இசைப்பெட்டி மட்டும்.

அத்தா நிஜாமுதீன் காலேஜில் சரித்திரம் நடத்தியவர். வேறு ராஜாவே கிடைக்கவில்லையா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் மசியவில்லை. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் படங்களுக்குச் சட்டம் போடும் கடையிலேயே அதே தங்க நிறத்தில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அந்த முட்டைப் படம் உங்களைப் பார்த்து வரைஞ்சதுதாங்க," என்பார் அம்மா ஆரிஃபா. உருவப்படத்துக்கு முன்னால் தொழ முடியாதே. ஐந்து வேளையும் வெள்ளைப் போர்வை ஒன்றை எடுத்து மூன்றையும் மூடுவார். தொழுது முடித்ததும் எடுப்பார். போர்வை கிடக்கும்வரை அத்தா வாயே திறக்க மாட்டார். நாற்பது வருஷப் பழக்கம்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் ராஜா கதையைச் சொல்லி முடிக்கும்போது அத்தாவுக்குக் கோபம் வந்துவிடும். "ராணி இறந்து ஒரு வருஷத்துக்கு மேல அந்த மனுஷன் உயிரோட இருந்தாரு. பொண்டாட்டி போனதே அவருக்குத் தெரியாது. புரியுதோ இல்லையோ, பெத்த பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து சொல்லியிருக்க வேணாமா?"

அத்தாவுக்கே மறதி நோய் வந்து மூன்று வருஷமாயிற்று. சம்ரீனைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். அம்மாவை மட்டும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அம்மா போய்விட்டார். கே.கே. நகரிலிருந்து சம்ரீன் ஓடி வந்தபோது, ஓத வந்த பெண்கள் படங்களின் மேல் போர்வையைப் போட்டிருந்தார்கள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

"அத்தாகிட்ட சொல்லாதம்மா," என்று கெஞ்சினார் தாய்மாமன் ஹாலித். "சொல்லச் சொல்ல மறப்பாரு. ஒவ்வொரு தடவையும் மச்சான் புதுசா அழணும்."

சம்ரீனுக்கும் பயம்தான். ஆனால் அந்த ராஜாவின் பிள்ளைகள் வாங்கிய திட்டையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் அவள். அத்தாவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப்போய் அம்மாவின் முகத்தைக் காட்டினாள்.

"அத்தா, அம்மா மௌத்தாயிட்டாங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். முகம் கோணியது. "இன்னா லில்லாஹி" என்று உதடு முணுமுணுத்தது. சம்ரீன் வாய்விட்டு அழுதாள். துக்கம் ஒரு பக்கம், சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி ஒரு பக்கம்.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண்ணைத் தன் கையாலேயே போட்டுவிட்டு அத்தா திரும்பி வந்தார். படங்களுக்கு எதிரே வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போர்வையை எடுத்துரட்டுமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே சம்ரீன் அதன் நுனியைப் பிடித்தாள்.

அத்தா பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீங்கம்மா. ஆரிஃபா இன்னும் தொழுது முடிக்கல."

அவள் கை அப்படியே நின்றது. எடுத்தால் தொழுகை முடிந்துவிடும். முடிந்தால் அம்மா வர வேண்டும்.

போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு, அத்தாவின் பக்கத்தில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.