வராண்டாவில் பத்தாம் வகுப்பு

மண்ணரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் வாத்தியார் மருதாசலம், செய்முறை சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பச் சொல்லி, கோவைப் பக்கமிருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பதினாறு கடிதம் எழுதிவிட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. பள்ளியில் ஆய்வகம் கிடையாது. அதனால் மாதக் கடைசியில் கல்வி அதிகாரி வந்து பத்தாம் வகுப்பை மூட உத்தரவு எழுதப் போகிறார். மூடினால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் மறுநாளே பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போய்விடும்.

கம்பெனியில் செக்கிங் பார்க்கும் குழந்தையம்மாளின் மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள்.

"லெட்டர் போட்டா ஆரு சார் ஆர்டர் குடுப்பாங்க? சாம்பிள் கொண்டுபோய்க் காட்டோணுமுங்க."

"நல்லாப் படிக்கற புள்ளைக ரெண்டைக் கூட்டிட்டுப் போறனுங்க."

"அங்கதானுங்க தப்பு. நல்ல பீஸை மட்டும் காட்டுனா, பொறவு லாட்டே ரிஜெக்ட் ஆயிரும். டேமேஜும் சேத்தி மொத்தமாக் கொண்டு போங்க. எம்புள்ளையும் டேமேஜ்தான்."

திங்கட்கிழமை முப்பத்தெட்டுப் பேரும் பஸ் ஏறினார்கள். வேதியியல் துறை வராண்டாவில் அவர்களை உட்காரவைத்து மருதாசலம் பாடத்தை ஆரம்பித்தார். துறைத்தலைவர் கிட்டுசாமி வெளியே வந்தார்.

"என்னங்க இது?"

"சாம்பிளுங்க. எங்களுக்கு வந்து சொல்லிக்குடுக்கோணுமுங்க."

"மனு குடுத்துட்டுப் போங்க. கமிட்டி கூட மூணு மாசமாகும்."

"ஆகட்டுங்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கறமுங்க."

மறுநாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் சொன்னார்; பிறகு தனித்தேர்வு எழுதி அவரும் தேறிவிட்டாராம். வராண்டாப் புறாக்கள் இடைவேளை மணி அடித்தால்தான் பறந்தன.

ஆராய்ச்சி மாணவி நல்லம்மாள் பிள்ளைகளைத் தாண்டிப் போகையில், குழந்தையம்மாளின் மகள் மயிலாள் கேட்டாள்:

"ஏனுங்கக்கா, நீல லிட்மஸ் நெசமாவே செவப்பாகுமுங்களா? எங்க புஸ்தகத்துல ரெண்டுமே கருப்பாத்தான் இருக்குது."

நல்லம்மாளால் தாண்ட முடியவில்லை. உள்ளே போய்க் குடுவையோடு வந்தாள். சாயங்காலத்துக்குள் ஆராய்ச்சி மாணவர்கள் பதினொரு பேரும் வராண்டாவில் இருந்தார்கள். ஆய்வகத்தில் ஆள் இல்லை.

"வாரம் ரெண்டு நாள் எங்க ஆராய்ச்சிப் பசங்களையே உங்க பள்ளிக்கு வேன்ல அனுப்பறேன். எந்திரிங்க சாமி!" என்றார் கிட்டுசாமி.

"எழுத்துல குடுத்தா எந்திரிக்கறமுங்க."

கொடுத்தார். எழுந்தார்கள்.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தபோது வேன் வந்து நின்றிருந்தது. வகுப்பு முழுக்க அடுப்பும் குடுவையும். உத்தரவில் கையெழுத்துப் போட அவர் இடம் தேடினார். இடம் இல்லை. மயிலாள் அவருடைய இரண்டு கையிலும் கைக்கொன்றாகச் சோதனைக் குழாயைத் திணித்தாள்.

"ஆட்டாதீங்க சார், அமிலமுங்க."

பேனா சட்டைப் பையில் இருந்தது. அதிகாரி மூன்று மணி வரை ஆடாமல் நின்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்; கடைசியாக வந்தவன் வகுப்பிலேயே குள்ளமான வெள்ளையன்.

"இதைப் பாத்துட்டு ஆய்வகம் இல்லைன்னு நான் எப்படி வாத்தியாரே எழுதறது?"

"எழுத வேண்டாமுங்க," என்றார் மருதாசலம். "கையைக் கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க. வெள்ளையனுக்கு எட்டலை."