லாய்-தை எறிந்த பம்பளிமாஸ்

லாய்-தை எறிந்த எந்த ஆரஞ்சும் கீழே விழவில்லை. ஒவ்வொரு ஆரஞ்சுக்கும் அவள் ஓர் ஆரஞ்சு எடை குறைந்தாள். முதல் வருடம் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் பன்றி நிறுக்கும் தராசில் ஏற்றியபோது முப்பத்தெட்டு காட்டி, அதாவது இருபத்து மூன்று கிலோ, இருந்தாள், பதினைந்தாம் நாள் திருவிழா முடிந்து நிறுத்தபோது முப்பத்தொன்று. எங்கள் பக்கத்து ஆரஞ்சு மூன்று சேர்ந்தால் ஒரு காட்டி. அந்த வருடம் இருபத்தொரு பேருக்காக எறிந்திருந்தாள், ஆகவே கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வேண்டுதலைச் சிவப்புத் தாளில் எழுதிச் சுருட்டிக் கயிற்றின் ஒரு முனையிலும், ஆரஞ்சை மறுமுனையிலும் கட்டி, ஊர் ஆலமரத்தில் எறிவது எங்கள் வழக்கம். மாட்டிக்கொண்டால் பலிக்கும், விழுந்தால் பேராசை என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்றே பெயர் வாங்கியிருந்தோம், இவள் கை வரும்வரை. இவள் எறிந்த பிறகு பன்றிக்காரி சாம் அத்தையின் பன்றி பதினான்கு குட்டி போட்டது. இரண்டு வீடு தள்ளி ஒரு மருமகள் வேண்டிக்கொண்டபடி மாமியாருக்கு வாய் அடைத்துப்போய், கடைசிவரை திறக்கவேயில்லை. அடுத்த வருடம் நாற்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். பெண் இளைப்பது கண்ணுக்குத் தெரிந்தது, எவ்வளவு சோறு போட்டாலும் ஏறவில்லை. ஊரில் மனசாட்சி உள்ளவர்கள் சின்ன ஆரஞ்சாகப் பார்த்து வாங்கினார்கள்.

அவளை வளர்த்தவர் தாத்தா லாவ் சீ-ஹோங். எங்கள் தாள்களையெல்லாம் எழுதித் தருபவரும் அவர்தான். மகனும் மருமகளும் லிவர்பூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனபோது பெண்ணுக்கு நாலு வயது. தம்பியை அழைத்து வா என்று அர்த்தப்படும் பெயரை வைத்து, அழைத்து வரட்டும் என்று இவரிடம் விட்டுப்போனார்கள். ஆண் பிள்ளை பிறந்த வீடுகள் வருடத்தின் முதல் மாதத்தில் மூதாதையர் மண்டபத்தில் விளக்குக் கட்டும். முப்பது வருடமாகக் கிழவர் அடுத்த வீட்டு விளக்குகளின் கீழே உட்கார்ந்து, அடுத்த வீட்டு மதுவைக் குடித்து, வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தார். அந்த அவமானம் அவரைத் தின்றது, பொய் சொல்வானேன். வீட்டில் இப்படி ஒரு கை இருந்தும் அவர் கேட்டதை மட்டும் அது எறியாது. தம்பிக்கான தாள் என்றால் லாய்-தை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். "தம்பி வந்துட்டா அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?" என்பாள். எழுதப் படிக்கத் தெரியாது, பெண்ணுக்கு எதற்கு என்று அவர் பள்ளிக்கு அனுப்பவில்லை. அதனால் எந்தத் தாளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எறிவாள்.

மூன்றாம் வருடம் அவள் காற்றில் நகர ஆரம்பித்திருந்தாள். வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைப் பஞ்சுச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார் தாத்தா. அதைப் போட்டால் கை வீச வராது, எறியும்போது மட்டும் கழற்றுவாள். மறுபடியும் நாற்பத்திரண்டு பேருக்கு எறிந்து முடித்துத் தராசில் ஏறினாள். மூன்று காட்டி. எனக்கு ஒன்று எழுதித் தராவிட்டால் இனி ஒருத்தருக்கும் எறிய மாட்டேன் என்றாள். கிழவர் மறுக்கவில்லை, உட்கார்ந்து எழுதினார்.

"வாசிங்க தாத்தா."

"லாய்-தையை அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் லிவர்பூலுக்குக் கூப்பிட்டுக்கணும். போதுமா?"

"அம்மா பக்கத்துலயே படுக்கணும்னு போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

தாளில் இருந்தது ஒரே வரி: லாவ் வீட்டுக்கு ஆண் பிள்ளை. அருகில் நின்ற இரண்டு பேருக்குப் படிக்கத் தெரியும், அவர்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு போதாது, உச்சிக் கிளையில் மாட்டினால் நிச்சயம் பலிக்கும், அவ்வளவு உயரத்துக்குக் கனமான பழம் வேண்டும் என்று லாய்-தையே ஓடிப்போய் ஒரு பம்பளிமாஸ் தூக்கி வந்தாள். தராசில் அது மூன்று காட்டிதான். கிழவர் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பழத்தில் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, இரண்டாம் முறை கட்டினார். பிறகு அவள் கையில் கொடுத்தார். வேகம் வேண்டுமென்று கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவள் எறிந்தாள். பழம் உச்சிக்குப் போனது, அவளும் பின்னாலேயே போனாள்.

ஈயச் சட்டையை ஏணியில் ஏறி மாட்டிவிட்டுப் பிள்ளையை இறக்கலாம் என்று சாம் அத்தை சொல்லத்தான் செய்தாள். "மாட்டினதை இறக்கினா வேண்டுதல் திரும்பிடும், தெரியாதா உனக்கு?" என்றார் கிழவர். அது உண்மை, மரத்தில் மாட்டியதை எங்கள் ஊரில் யாரும் எடுப்பதில்லை. அதோடு அன்று மற்றவர்கள் எறிந்த ஆரஞ்சுகளையும் அவள் மேலிருந்தே எட்டிப் பிடித்துக் கிளையில் கட்டிவிட்டாள், ஒன்றுகூட விழவில்லை. அதைப் பார்த்த பிறகு ஏணி எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை. சட்டையைப் பிரித்து ஈயத்தை வலைக்காரனிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் மாதம் லிவர்பூலிலிருந்து கடிதம் வந்தது. ஆண் பிள்ளை. இருவருக்கும் வேலை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் லாய்-தையை உடனே அனுப்பவும், அவள் பேரில் டிக்கெட் இத்துடன் இருக்கிறது. கிழவர் அதை மூன்று முறை படித்தார். பெண்ணை இறக்கினால் பேரன் என்ன ஆவான் என்று யோசித்தாராம். அவளுக்கு இங்கேயே நல்ல இடம் அமைந்துவிட்டது என்று பதில் எழுதினார்.

புத்தாண்டு வந்ததும் மண்டபத்தில் விளக்குக் கட்டி ஊருக்கே மது ஊற்றினார். உயிரோடிருப்பவர் பெயர் எழுதிய தாளை எரிக்கக் கூடாது. ஆகவே டிக்கெட்டைச் சிவப்புத் தாளில் சுருட்டி, ஆரஞ்சு கட்டி, தாமே மரத்தில் எறிந்தார். கிழவர் கை, பாதி உயரம்கூடப் போகவில்லை. லாய்-தை தலைகீழாகத் தொங்கி அதை எட்டிப் பிடித்தாள்.

"இது யாரோடது தாத்தா?"

"பக்கத்து ஊர்க்காரங்களுது."

"என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

"எங்கேயோ போகணுமாம்."

"பாவம்," என்றாள். எல்லாவற்றையும்விட உயரமான கிளையாகப் பார்த்து, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அவிழவே அவிழாத முடிச்சு. அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது, அவளும் இருக்கிறாள். எங்கள் ஊரில் இப்போது யார் எறிந்தாலும் எதுவும் விழுவதில்லை.