போக மட்டும் அம்பு

நகருக்குள்ளேயே நடந்தும் சைக்கிளிலும் சுற்றி வர மாநகராட்சி ஒரு பாதை போட்டிருந்தது. பஸ் டெப்போவின் பின்சுவரில் தொடங்கி, ரயில் ஓடாத பழைய தண்டவாளத்தை ஒட்டி, மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்து, கால்வாய்க் கரையோடு ஏரிக்குப் போகும் பாதை. அதற்கு மஞ்சள் அம்பு வரைவது பூங்காப் பிரிவில் இரண்டு பேரின் வேலை. போகும் அம்புகள் கொக்குக்கு. நெடுநெடுவென்ற கால்களுக்காக அலுவலகம் வைத்த பெயர் அது. திரும்பும் அம்புகள் அவளுக்கு. ஏரிக்கரையில் டீ குடித்ததும் அவள் பிரஷ்ஷோடு முன்னால் நடப்பாள். அவன் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான்.

வெள்ளோட்டத்துக்காகப் பழைய அம்புகளை அழித்துப் புதிதாகப் போட்ட கடைசி வாரம் அவள் இல்லை. வேறொரு ஊரில் இதே மாதிரி பாதைக்குத் தலைமைப் பொறுப்பு. நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வியாழன் இரவுதான் வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. ஞாயிறு மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கொக்கு ஏதாவது சொல்வான் என்று வெள்ளிக்கிழமை முழுக்க அவனையே சுற்றி வந்தாள். அவனோ, "நல்ல வாய்ப்பு, விட்டுடாத" என்று சொல்லிவிட்டு பிரஷ் கழுவப் போய்விட்டான்.

ஞாயிறு காலை பாதையில் வெள்ளோட்டம். அவள் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"சின்னவளே, நாங்க ஏதோ ஒரு லாண்டரிக்குள்ள நிக்கிறோம்டி!"

"ஏரிக்குத்தானேக்கா போனீங்க?"

"போனோம், ஜோரா போனோம். திரும்புறப்போ ஒரு அம்பையும் காணோம். உங்க அத்தான், 'எனக்குத் தெரியாத வழியா'ன்னு முன்னால போனாரு. இப்போ யாரோ வீட்டு பெட்ஷீட்டுக்குள்ள சைக்கிளோட சிக்கிக்கிட்டு நிக்கிறாரு."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கு மிதித்தாள்.

கரையில் பெரிய கூட்டம். நடுவில் கொக்கு பிரஷ்ஷும் டப்பாவுமாகத் தலைகுனிந்து நின்றான்.

"ஏன் தம்பி, போனவங்க திரும்பியே வரக் கூடாதுன்னு ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு தொப்பைக்காரர்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "திரும்புற அம்பு எங்க?"

"மறந்தே போச்சு. அத நான் என்னிக்குப் போட்டிருக்கேன்?"

"வழியாவது காட்டலாம்ல? தினமும் என் கூடத்தானே திரும்பி வந்த?"

"வந்தேன். ஆனா வழியப் பாக்கல."

"பின்ன எதப் பாத்துட்டு வந்த?"

கொக்கு தன் செருப்பைப் பார்த்தான்.

"சீக்கிரம் சொல்லுப்பா, எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு" என்றார் தொப்பைக்காரர்.

"உன்னத்தான்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"இத வெள்ளிக்கிழமையே சொன்னா வாய் வலிக்குமா?"

"சொன்னா நீ அந்த வேலைய விட்டுடுவியோன்னு பயம்."

"உனக்காக வேலைய விடுவேனா? ஆசையப் பாரு! போகத்தான் போறேன்."

"போ. நானும் வர்றேன். பெயிண்ட் அடிக்கிறவனுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?"

"அங்க நான் மேலதிகாரி. சொன்னபடி கேக்கணும்."

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?"

அவள் அவன் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கி முதல் கம்பத்தில் அம்பு போட்டாள். கூட்டம் அவர்கள் பின்னால் கிளம்பியது. கால்வாய்த் திருப்பத்தில் அக்காவும், முதுகெல்லாம் சோப்பு நுரையோடு அத்தானும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தை அக்காவுக்குத் தொப்பைக்காரரே சொன்னார்.

"வழி தெரியாத ஆளக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு பத்தாதா? நீயுமாடி?" என்றாள் அக்கா.

"நான் குறுக்கு வழி தேடினேன்" என்றார் அத்தான்.

மதியம் நெருங்கியிருந்தது. மேம்பால நிழலில் நின்று அவள் புது அலுவலகத்துக்குப் போன் போட்டு, வருவதாகச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. தங்க வீடு குடுக்கிறோம். தனி ஆளுக்கா, குடும்பத்துக்கா?"

அவள் கொக்கைப் பார்த்தாள்.

"குடும்பத்துக்கு" என்றாள்.

"அடிப்பாவி, அம்மாகிட்ட யாருடி சொல்றது?" என்று கேட்ட அக்கா, அதற்குள் அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டிருந்தாள்.